பத்து லட்சத்து நாற்பதாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது

எனக்கு ஒரு எண் பிடிக்கும். 10,40,399. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு இப்போது கணினியில்தான். உள்ளே போகக் கடவுச்சொல் கேட்கும். பல வருஷமாக நான் அடித்து வந்தது இந்த எண்ணைத்தான். பக்கத்து மேஜை அறிவியல் டீச்சர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டாள். "என்னக்கா இது, பொறந்த தேதியும் இல்ல, போன் நம்பரும் இல்ல?" என்று கேட்டாள்.

"பகா எண்ணும்மா. யாராலயும் உடைக்க முடியாது" என்றேன்.

ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். ஏழு, பதினொன்று, பதிமூன்று எல்லாம் அந்த வகை. கல்யாணம் செய்துகொள்ளாத கணக்கு டீச்சருக்குப் பகா எண் பிடிக்கும் என்றதும் ஆசிரியர் அறையில் ஒரு சிரிப்பு ஓடியது. ஓடட்டும். இவர்களில் பாதிப் பேர் வீடு கட்டவும் பெயர் வைக்கவும் எண்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கிக்கொண்டு ஜோசியக்காரரிடம் ஓடுகிறவர்கள். எண்ணைப் பற்றி இவர்கள் என்னைக் கேலி செய்வதா?

இந்த எண்ணை எனக்குக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளிக்கூடம் வீரபாண்டியைத் தாண்டி இருந்தது. எங்கள் ஊர் ராயப்பன்பட்டியிலிருந்து உத்தமபாளையம் வந்து, கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸைப் பிடிப்பேன். கம்பத்திலேயே ஏறியிருப்பார் அவர். அதே பள்ளிக்கூடத்தில் அவரும் கணக்கு வாத்தியார்தான். நான் ஒன்பது, பத்து. அவர் பதினொன்று, பன்னிரண்டு. பெண்கள் சீட்டு முடிகிற இடத்தில் ஆண்கள் சீட்டு தொடங்கும். நான் பெண்கள் வரிசையின் கடைசி சீட்டில் உட்காருவேன். அவர் எனக்கு நேர் பின்னால். அதனால் அவர் முகத்தைவிட அவர் குரல்தான் எனக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்கும் கண்ணை மூடினால் முகம் சட்டென்று வராது, குரல் வந்துவிடும்.

அப்போது கண்டக்டர் கட்டிலிருந்து கிழித்துக் கொடுக்கும் தாள் டிக்கெட். அதில் நம்பர் இருக்கும். அந்த நம்பரைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரிக்க வேண்டும். சின்னமனூர் வருவதற்குள் முடிக்க வேண்டும், தாளும் பேனாவும் கூடாது. அதுதான் எங்கள் விளையாட்டு. அவர் பின்னாலிருந்து தன் நம்பரைச் சொல்வார், நான் என் நம்பரைச் சொல்வேன். ஒருவர் நம்பரை மற்றவர் உடைக்க வேண்டும். தோற்றவர் வீரபாண்டியில் இறங்கியதும் வேர்க்கடலை வாங்கிக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஏதோ சீட்டுக் கணக்கு என்று நினைத்திருப்பார்கள்.

அவருடையது தென்னந்தோப்புக் குடும்பம். நூறு காய் எண்ணினால் மேலே ஒன்று போடுவது அவர்கள் வழக்கம். நூறு கேட்டு வந்தவன் வெறும் நூறோடு போகக் கூடாதாம். அந்தப் பழக்கத்தில் கடலைக்காரரிடமும் "கொசுறு எங்கண்ணே?" என்று கையை நீட்டுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஒரு வாத்தியார் இப்படியா நடுரோட்டில் நிற்பது?

"சார், நாலு பிள்ளைக பாக்குது" என்பேன்.

"பாக்கட்டும் டீச்சர். அவுக மறந்துட்டா நாமதான கேக்கணும்? கேக்காதவுகளுக்குக் கொசுறு கிடையாது" என்பார்.

ஒரு ஆடி மாதத்தில், சாரலுக்குப் பயந்து எல்லாரும் ஷட்டரை இறக்கிவிட்டிருந்த நாளில், அவர் பின்னாலிருந்து ஒரு டிக்கெட்டை நீட்டினார். அதன் முதுகில் பேனாவால் எழுதியிருந்தது: 1040399.

"இது டிக்கெட் நம்பர் இல்ல டீச்சர். நானாப் போட்டது. இதுக்குச் சின்னமனூர் கணக்கெல்லாம் இல்ல, வீட்ல வச்சு மெதுவாப் பாருங்க. ரெண்டாப் பிரிஞ்சுச்சுன்னா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பிரியலைன்னா கேக்கல."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. காது சூடாகிவிட்டது. அவர் இன்னும் ஒன்று சொன்னார்.

"கொசுறு போடாமத்தான் குடுத்திருக்கேன். வேணும்னா கேட்டு வாங்கிக்கோங்க."

அதை நான் வழக்கமான கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எங்கள் வீட்டில் மாதா படம், அவர்கள் வீட்டில் மாரியம்மன் படம். இரண்டு வீட்டிலும் சண்டை வரும், என் அம்மா சாப்பிடாமல் கிடப்பாள், அவருடைய பங்காளிகள் நாலு பேர் கத்துவார்கள். இதையெல்லாம் யோசித்துத்தான் நேராகக் கேட்காமல் ஒரு எண்ணை முன்னால் தள்ளிவிட்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு அது பிடித்தும் இருந்தது. அம்மாவிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்றுகூடப் பஸ் உத்தமபாளையம் திரும்பி வருவதற்குள் யோசித்துவிட்டேன். அந்த எண் பிரிய வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சாயங்காலம் கோயில் மணி அடித்து, அம்மா ஜெபமாலையோடு உட்கார்ந்ததும், நான் வகுக்க உட்காருவேன். இரட்டை எண் இல்லை, ஐந்தில் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தாறு, ஆகவே மூன்றாலும் வகுபடாது. ஏழு, பதினொன்று, பதிமூன்று மூன்றுக்கும் சேர்த்து ஒரு குறுக்கு வழி உண்டு. எண்ணைக் கடைசியிலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்ட வேண்டும்: 399-இலிருந்து 40 போக, ஒன்று சேர்த்தால் 360. அது மூன்றில் எதாலும் வகுபடாது. எனவே பெரிய எண்ணும் வகுபடாது. அதற்கு மேல் குறுக்கு வழி இல்லை. பதினேழு, பத்தொன்பது, இருபத்துமூன்று என்று ஒவ்வொரு பகா எண்ணாக எடுத்து வகுத்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது.

எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு எண் இரண்டாகப் பிரியும் என்றால், அதில் சின்னது அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்கு மேல் போகாது. பத்து லட்சத்துக்கு வர்க்கமூலம் ஆயிரம். நம்முடையது பத்து லட்சமும் கொஞ்சமும். ஆகவே ஆயிரம் வரை பார்த்தால் போதும் என்று முடிவு செய்தேன். என்னிடம் இருந்த புத்தகத்தின் பின்பக்கத்தில் பகா எண்களின் பட்டியலும் ஆயிரத்தோடு முடிந்திருந்தது. அதில் கடைசி எண் 997. ஒரு வாரம் உட்கார்ந்து அதுவரை வந்துவிட்டேன். ஐந்நூறைத் தாண்டியதும் ஒவ்வொரு வகுத்தலுக்கும் முன்னால் "பிரிஞ்சுரு, பிரிஞ்சுரு" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். 997-உம் மீதி வைத்தது. புத்தகத்தை மூடினேன்.

வேறு ஒருத்தியாக இருந்தால் "பிரியுது சார், கேளுங்க" என்று பொய் சொல்லியிருப்பாள். குறைந்தபட்சம் "பிரியலைன்னா என்ன, கேளுங்க" என்றாவது சொல்லியிருப்பாள். எனக்கு இரண்டும் வரவில்லை. பிரியாத எண்ணைப் பிரிந்தது என்று சொல்ல என் நாக்கு புரளாது. வலியப் போய்க் கேட்கச் சொல்லவும் என் திமிர் விடவில்லை. பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அது பகா எண்ணு சார்."

கோட்டூர் தாண்டும்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நீங்க சொன்னாச் சரி டீச்சர்."

அப்படியும் அவர் கேட்டுவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. டிக்கெட் நம்பர் சொல்வதும் மெல்ல நின்றுபோனது. அடுத்த ஜூனில் கம்பத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பிறகு அவருடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் வேன் பிடித்துப் போனோம். நானும் போனேன், சாப்பிட்டேன், பாயசம் நன்றாக இருந்தது.

நான் உடைந்து போகவில்லை. அதற்குக் காரணம் அந்த எண்தான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எண் பிரியவில்லை, யார் என்ன செய்ய முடியும்? மழை பெய்யாததற்கு யாரையும் திட்ட முடியாதல்லவா, அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அம்மா பார்த்த வரன்களைத் தட்டிக் கழித்தேன். பிறகு அம்மா போய்ச் சேர்ந்தாள். அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்து போன் செய்வான். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால், காலையில் நான் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். ஒருவரும் அதை எடுத்து நகர்த்தியிருக்க மாட்டார்கள். அந்த டம்ளரைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தனிமை என்பது நெஞ்சில் வந்து உட்காரும். அப்போதெல்லாம் அந்த எண்ணை நினைத்துக்கொள்வேன். எனக்கு அது துணையாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை. எதிர் வீட்டுக்காரர் வாசலில் மினி லாரி நிறுத்தித் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் முன்னறையில் உட்கார்ந்து மார்க் ஏற்றுவதற்காகக் கணினியைத் திறந்து கடவுச்சொல்லை அடித்தேன். ஒன்று, பூஜ்யம், நான்கு, பூஜ்யம், மூன்று, ஒன்பது, ஒன்பது. வெளியே எண்ணுகிற ஆள் கத்தினார்.

"தொண்ணூத்தொம்பது, நூறு... ஏலே, கொசுறு ஒண்ணு சேத்துப் போடுலே!"

என் கை அப்படியே நின்றுவிட்டது. ஒன்று சேர்த்துப் போட்டால்? 10,40,400. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், அது 1020-இன் வர்க்கம்.

ஒரு வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால் மிஞ்சுகிற எண்ணைப் பிரிப்பதற்கு வகுக்கவே வேண்டாம். மூலத்துக்கு ஒன்று கீழே, ஒன்று மேலே; அவைதான் காரணிகள். பத்துப் பத்து நூறு. அதில் ஒன்று குறைந்தால் தொண்ணூற்றொன்பது, அது ஒன்பதையும் பதினொன்றையும் பெருக்கியது. இதை நான் வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். 10,40,399 என்பது 1019-ஐயும் 1021-ஐயும் பெருக்கியது. இரண்டுமே பகா எண்கள். நடுவில் ஒரே ஒரு இரட்டை எண்ணை விட்டுவிட்டு அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன, பஸ்ஸில் நானும் அவரும் உட்கார்ந்திருந்த மாதிரி.

அவர் அதைத் தேடிப் பிடித்துத்தான் கொடுத்திருக்கிறார். கொசுறு போடவில்லை, கேட்டு வாங்கிக்கொள் என்று வாய்விட்டும் சொல்லியிருக்கிறார்.

எழுந்து போய்ப் பழைய வழியிலும் பார்த்தேன். 997-க்கு அப்புறம் வரும் பகா எண்கள் 1009, 1013, 1019. பத்து லட்சத்துக்கு மேலே இருந்த அந்தக் 'கொஞ்ச'த்தை நான் சில்லறை என்று விட்டுவிட்டேன். பட்டியல் முடிந்த இடத்தில் கணக்கும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். இன்னும் மூன்று வகுத்தல் பாக்கி இருந்தது. மூன்றே மூன்று. அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அன்று நான் சமைக்கவில்லை. எதிர் வீட்டு லாரி கிளம்பிப் போன பிறகும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. புத்தகத்தின் மேல், என் மேல், ஒன்றை மட்டும் குறைத்துக் கொடுத்த அந்த மனுஷன் மேல்.

எண்ணின் மேல் பழியைப் போட்டு இத்தனை காலம் ஓட்டியாகிவிட்டது. இனிமேல் அது முடியாது. அவர் உண்மையிலேயே கேட்க நினைத்ததைத்தான் நான் நினைத்தேனா, அல்லது எல்லாமே என் கற்பனையா? அதையாவது தெரிந்துகொண்டுவிட வேண்டும் போலிருந்தது. போவதா வேண்டாமா என்று சில வாரங்கள் மனதோடு மல்லுக்கட்டினேன். பிறகு ஒரு விடுமுறை நாளில் கம்பம் பஸ் ஏறினேன்.

அவர் ஓய்வு பெற்றுத் தோப்பிலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் அவருடைய மனைவி தேங்காய்ப் பருப்பைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதுமே முகம் மலர்ந்துவிட்டது.

"அட, பஸ்ல கணக்குப் போடுற டீச்சரா? அவுக உங்களப் பத்தி நெறையாச் சொல்லிருக்காக. வாங்கக்கா, இங்கன நெழல்ல உக்காருங்க. அவுக அங்கன மோட்டார் ரூம்ல இருக்காக, கூப்புடுறேன்."

அவர் வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. ஆனால் குரல் அதே குரல். அவருடைய மனைவி காபி போட உள்ளே போனாள். மழை, பென்ஷன், என் அம்மா இறந்தது என்று கொஞ்சம் பேசினோம். இனிமேல் தள்ளிப்போட்டால் கேட்கவே மாட்டேன் என்று தோன்றியது.

"சார், நீங்க ஒரு நம்பர் குடுத்தீகளே, ஞாபகம் இருக்கா?"

அவர் யோசிக்கவே இல்லை. "பத்து லட்சத்து நாப்பதாயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது" என்றார்.

அது பகா எண் இல்லை சார், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் சார். பஸ்ஸில் வரும்போதே இதைச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார்.

"ஒம்பதாங்கிளாஸ் கணக்கு டீச்சர் அது. நீங்க பாத்ததும் போட்டுறணும்னுதான அதைக் குடுத்தேன். மறுநாளே சொல்லிருவீகன்னு நெனச்சேன். ஒரு வாரம் ஆச்சு. சரி, வீட்டைப் பத்தி யோசிக்கிறாக போலன்னு இருந்தேன். அப்புறம் பகா எண்ணுன்னு சொன்னீக."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை, மறைக்கவும் இல்லை. என்றைக்கோ ஆறிப்போன விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"தெரிஞ்சுக்கிட்டே அப்பிடிச் சொல்றீகன்னு எனக்குப் புரிஞ்சுச்சு. வேணாம்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லாம, எனக்குக் கஷ்டம் வராம எவ்வளவு நயமாச் சொல்லிட்டாகன்னு நெனச்சுக்கிட்டேன். இவகிட்டகூடச் சொல்லிருக்கேன். அந்த மரியாதையை நான் மறக்கவே இல்ல டீச்சர்."

நான் அவரைப் பார்த்தேன். எனக்கு விடை தெரியாமல் இருந்திருக்கும் என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றவே இல்லை. என்னை அவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்திருக்கிறார். அந்த நினைப்புதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பாரம் பாதியாகக் குறைந்திருக்கும். மறுபாதி அவர் தலையில் ஏறியிருக்கும். மூன்று வகுத்தல் பாக்கி இருந்தது என்று அவர் கையில் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறிவிடுவேன். அவர் இந்த வீட்டில், இந்தக் காபி டம்ளர்களோடு, அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குள் அவருடைய மனைவி தட்டோடு வந்துவிட்டாள். "சீனி பத்துதான்னு பாருங்கக்கா" என்றாள்.

"ஆமா சார்" என்றேன். "தெரிஞ்சுதான் சொன்னேன்."

கணக்கில் நான் சொன்ன முதல் பொய் அது. காபியில் சீனி சரியாக இருந்தது.

கிளம்பும்போது அவருடைய மனைவி ஒரு பையை எடுத்து வந்து தேங்காய் போட ஆரம்பித்தாள். ஒரு ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்று தடுத்துப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை. கையில் இரண்டிரண்டாக எடுத்து எண்ணிப் பத்து போட்டுவிட்டுப் பையின் வாயைக் கட்டப் போனாள்.

"கொசுறு?" என்றார் அவர் பின்னாலிருந்து.

அவள் சிரித்துக்கொண்டே இன்னொன்று போட்டாள்.

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பின் சீட்டில் யாரும் இல்லை. உத்தமபாளையம் வருவதற்குள் அழுது முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன், டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினேன். பதினொன்று. அது பகா எண்தான், இந்தத் தடவை கடைசி வரைக்கும் வகுத்துப் பார்த்துவிட்டேன்.